கன்றோடு ஒரு கைப்பிடி மண்ணும்: மரம் நடும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு மண்வெட்டியும் குடமுமாக ஏரிக்கரைக்கு வந்து நிற்கும் தம்பி தங்கைகளுக்கு, அவர்களைக் கூட்டி வரும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு, கன்று வளர்த்துத் தரும் நாற்றங்கால்காரர்களுக்கு,

வணக்கம்.

ஆவணி பிறந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு எந்தக் கரையில் எத்தனை கன்று என்று உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போதே பேச்சு ஓடுகிறது. அதில் இரண்டு குழுக்களில் நானும் இருக்கிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கும் ரகம். இந்த வருடம் பேசிவிடலாம் என்று தோன்றியது. நான் கேட்கப்போகும் காரியத்துக்கு அறுபது நாள் வேண்டும். இன்று ஆரம்பித்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

போன வருடம் ஒரு கரையில் நட்டோம். ஊர்ப் பெயர் வேண்டாம். நடுவதற்கு முதல் நாளே ஜேசிபி வந்து புல் பூண்டு, மேல்மண் எல்லாவற்றையும் வழித்து ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தது. சாணம் மெழுகிய வாசல் மாதிரி இருந்தது இடம். இரண்டடிக் குழி, குழிக்கு ஒரு கைப்பிடி டிஏபி உரம். அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போட்டுக்கொண்டே போனவன் நான்தான். கல்லூரியில் வருடக்கணக்காகத் தாவரவியல் நடத்திய ஆள். வகுப்பில் சொன்னது அன்றைக்கு ஒரு எழுத்துக்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

பங்குனியில் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. பிழைத்தவையும் நட்ட அன்று இருந்த உயரத்திலேயே நின்றன. தண்ணீர்ப் பற்றாக்குறை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் காய்ந்துபோன ஒரு புங்கன் கன்றைப் பிடுங்கியபோது கையோடு வந்துவிட்டது. பாலிதீன் பையின் வடிவத்திலேயே இருந்தது வேர் உருண்டை. அதைத் தாண்டி ஒரு விரல்கடை நீளம்கூட வேர் வெளியே போகவில்லை. நான்கைந்து மாதமாக மண்ணுக்குள் இருந்தும் அந்தக் கன்று இன்னும் பையிலேயேதான் குடியிருந்திருக்கிறது.

பக்கத்தில் நின்ற, இன்னும் உயிர் இருந்த கன்றிலிருந்து கொஞ்சம் நுனிவேரை ஈரக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வரும் வழியில் ஐயனார் கோயில் காட்டில் ஒரு பழைய புங்க மரம். அதன் அடியில் தானாக முளைத்திருந்த ஒரு முழ உயரக் கன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்தேன். வேருக்குள் பார்ப்பதற்கு பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நூல் போன்ற வேர்களைக் கழுவி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கொதிக்க விட்டால் நிறமெல்லாம் கழன்று வேர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அலசிவிட்டு, வினிகரில் பேனா மையைக் கலந்து (100 மில்லிக்கு 5 மில்லி) அதில் மூன்று நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். 1998இல் வெளிவந்த முறை இது. அதற்கு முன்னால் டிரைபான் நீலம் என்ற சாயத்தைத்தான் பயன்படுத்துவோம். அது உடம்புக்கு ஆகாது. மையும் வினிகரும் வந்த பிறகு நிம்மதி. வாசனை மட்டும் ஊறுகாய்க் கடை மாதிரி இருக்கும்.

ஏரிக்கரைக் கன்றின் வேரை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செங்கல் அடுக்கியது போல வரிசையாகச் செல்கள், உள்ளே ஒன்றுமில்லை. கோயில் காட்டு வேரை வைத்தேன். செல்களுக்கு இடையே நீல நூல் ஓடுகிறது, அங்கங்கே ஒரு செல்லுக்குள் நுழைகிறது, உள்ளே போனதும் கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு, செல் முழுக்க ஒரு குட்டி மரமாக நிற்கிறது. அதற்கு ஆர்பஸ்கியூல் என்று பெயர். லத்தீனில் ‘சின்ன மரம்’ என்றுதான் அர்த்தம். மரத்தின் வேருக்குள் ஒரு மரம். எத்தனையோ முறை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன், அன்று நானே கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை.

அந்த நீல நூல் ஒரு பூஞ்சை. வேரும் பூஞ்சையும் சேர்ந்த இந்தக் கூட்டுக்கு 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் வைத்த பெயர் மைக்கோரைசா. நம் விவசாயிகளுக்கு இது புதிது கிடையாது. வேளாண் அலுவலகத்தில் ‘வேம்’ என்று பொடியாக விற்பார்களே, வேர் உட்பூசணம், அதுவேதான். ஃபிராங்க் பெயர் வைத்தது அன்று, ஆனால் உறவு அரதப்பழசு. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊர்ப் பாறைகளில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுக்கு வேர் என்ற உறுப்பே இன்னும் வந்திருக்கவில்லை. ஆனால் தண்டின் செல்களுக்குள் ஆர்பஸ்கியூல் இருக்கிறது.

மரத்துக்கு இந்தப் பூஞ்சை எதற்கு? மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு. தழைச்சத்து, நைட்ரேட்டாக இருந்தால் தண்ணீரோடு கரைந்து வேரிடம் வந்து சேர்ந்துவிடும். மணிச்சத்து அப்படி வராது. செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், கரிசலில் சுண்ணாம்போடும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சித் தீர்த்த பிறகு, அடுத்த பிடி தானாக நகர்ந்து வரும் என்று காத்திருந்தால் நடக்காது. புதிய மண்ணைத் தேடி வேரே வளர வேண்டும். வேர் வளர்ப்பது மரத்துக்குச் செலவு அதிகம் பிடிக்கிற வேலை. பூஞ்சை இழையோ நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, 2 முதல் 10 மைக்ரான்தான் இருக்கும். வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்கில் எல்லாம் அது நுழைந்து, வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளிப் போய், மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் எடுத்து வரும். எடுத்த பாஸ்பேட்டைச் சங்கிலியாகக் கோத்து இழைக்குள் கடத்தி, வேருக்குள் இருக்கும் அந்தக் குட்டி மரத்தில் வந்து அவிழ்த்துவிடுகிறது. செல் அதை வாங்கிக்கொள்கிறது.

சும்மா தருவதில்லை. இலை சமைத்ததில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போய்விடுகிறது. சர்க்கரை மட்டும்தான் போகிறது என்று நான் பல வருடம் பாடம் நடத்தினேன். 2017இல் தெரியவந்தது, கொழுப்பும் போகிறது. இந்தப் பூஞ்சைகளுக்குத் தங்கள் கொழுப்பு அமிலத்தைத் தாங்களே தொடக்கத்திலிருந்து தயாரிக்கத் தெரியாது, அதற்கான மரபணுக்கள் இல்லை. அதையும் செடிதான் செய்து தர வேண்டும். ஆகவே செடி இல்லாத மண்ணில் இவற்றுக்கு வாழ்வு கிடையாது. வித்துகளாகக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். ஜேசிபி வழித்துப்போட்ட கரை இவற்றுக்கு அடுப்பு அணைந்த வீடு.

அடுத்து டிஏபி விஷயம். என் தலையில் நானே குட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

மணிச்சத்துக்குப் பசிக்கும் வேர், மண்ணுக்குள் ஒரு சமிக்ஞை விடுகிறது. ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற வேதிப்பொருள், மிக மிகக் கொஞ்சமாக. வித்திலிருந்து அப்போதுதான் தலைநீட்டிய பூஞ்சை இழை அதை உணர்ந்ததும் கிளைகிளையாகப் பிரிந்து வேரைத் தேட ஆரம்பிக்கும். 2005இல் ஜப்பானியர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொருள் உலகுக்கு வேறு பெயரில் ஏற்கெனவே தெரியும். சோளக் காட்டிலும் கரும்பிலும் வேரில் ஒட்டி உறிஞ்சுமே சுடுமல்லி, அதன் விதையை முளைக்கத் தூண்டும் பொருள் என்று 1966லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். செடி எதற்காக எதிரியைத் தானே கூப்பிடுகிறது என்பது நாற்பது வருடப் புதிர். கூப்பிட்டது நண்பனை. பக்கத்தில் படுத்திருந்த திருடன் ஒட்டுக்கேட்டுவிட்டான்.

பசிக்காத வேர் கூப்பிடாது. இதுதான் நான் மறந்த பாடம். டிஏபி என்பதே மணிச்சத்து நிறைந்த உரம், குழியில் அதைப் போட்டால் வேரைச் சுற்றி மணிச்சத்து வழிகிறது, வேர் சமிக்ஞையைக் குறைத்துக்கொள்கிறது, பூஞ்சை வந்து தட்டினாலும் உள்ளே விடத் தயங்குகிறது. ஒரு பருவம் கன்று தளதளவென்று இருக்கலாம். பிறகு மழையில் கரைந்ததும் மண் பிடித்துக்கொண்டதும் போக, வெளிமண்ணில் கைநீட்ட ஆள் இல்லாமல் நிற்கும். நெல்லுக்கும் கரும்புக்கும் உரம் போடுவதை நான் குறை சொல்லவில்லை, அது வருமானக் கணக்கு. ஐம்பது வருடம் யாரும் உரம் போடாத கரையில் தானே நிற்க வேண்டிய மரத்துக்கு, முதல் நாளே அந்தப் பழக்கம் எதற்கு?

உள்ளே வந்த பூஞ்சையும் சும்மா குடியிருக்க முடியாது. குதிரைமசாலின் பங்காளியான ஒரு சிறு செடியில் மரியா ஹாரிசன் குழுவினர் 2007இல் காட்டியது இது. பாஸ்பேட்டை வாங்கிக்கொள்ளும் புரதம் ஒன்றைச் செடியில் செயலிழக்க வைத்தால், ஆர்பஸ்கியூல்கள் ஆயுசு முடியுமுன்பே சிதைந்துவிடுகின்றன. சரக்கு வந்து சேராத கடையைச் செடி மூடிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதிகம் தரும் பூஞ்சைக்கு வேர் அதிகச் சர்க்கரை கொடுப்பதையும், அதிகம் கொடுக்கும் வேருக்குப் பூஞ்சை அதிக மணிச்சத்து தருவதையும் 2011இல் டோபி கியர்ஸ் குழுவினர் காட்டினார்கள். எல்லா ஜோடியிலும் இப்படிக் கறாரான கணக்கு நடப்பதாகச் சொல்ல முடியாது. நிழலில் வாடும் செடிக்கோ, மணிச்சத்து மிஞ்சிக் கிடக்கும் மண்ணிலோ பூஞ்சை வெறும் செலவாகவே முடிவதும் உண்டு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் பதாகைகளில் வேறொரு கதை ஓடுகிறது. ‘மரங்கள் பூமிக்கடியில் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் தன் பிள்ளைகளுக்குப் பூஞ்சை வழியே சோறூட்டுகிறது’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதன் விதை, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுசான் சிமார்ட் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வு. பிர்ச் மரக்கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் இடையே கார்பன் இரு பக்கமும் போய்வந்ததை அவர் அளந்தார். நிழலில் நின்ற ஃபிர்ருக்கு நிகர லாபம். அருமையான வேலை. ஆனால் அந்த அளவிலிருந்து தாய்ப்பாசம் வரைக்கும் வந்தது பிறகு கட்டிய மாளிகை, அதில் சிமார்டுக்கும் பங்கு உண்டு. 2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்ஸெமா மூவரும் இருக்கிற ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்து, காட்டில் இதற்கான ஆதாரம் மெலிதாகவே இருக்கிறது, சொல்லப்படுவது அதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று எழுதினார்கள். அதில் ஜோன்ஸ், 1997 ஆய்வுக் கட்டுரையிலேயே பங்குபெற்றவர். இதைவிட என்ன சொல்ல? பதாகையில் தாய்மரத்தைப் போட்டுவிட்டு, குழியில் டிஏபியைப் போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு குழப்பமும் தீரட்டும். மழைக்கு மரத்தடியில் முளைக்கும் காளானைப் படம் எடுத்துப் போட்டு ‘மைக்கோரைசா’ என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். புற்றுக்காளான் கரையான் வளர்ப்பது, அது வேறு குடும்பக் கதை. வேம்பு, புங்கன், நாவல், புளி, ஆல், அரசு என்று நாம் நடும் மரங்களுக்கு உள்ள பூஞ்சை காளானே விடாது. மண்ணுக்குள்ளேயே வித்து வைக்கும், வித்து ஒரு மணல்துகள் பருமன்கூட இராது. காளான் விடும் வகையும் இருக்கிறது, அது வேருக்கு வெளியே உறை மாதிரி சுற்றிக்கொள்ளும். நீலகிரியில் பைன் மரத்தடியில் வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் குடை வருமே, அது அந்த வகை. மரம் வெளியூர், காளானும் வெளியூர், துணையோடு வந்து சேர்ந்திருக்கின்றன. துணை இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோ சாட்சி. அங்கே பைன் நட்டு நட்டுப் பல வருடம் தோற்றார்கள். விதை நல்ல விதை, மழைக்கும் குறைவில்லை. கன்று ஒரு சாண் வளர்ந்து மஞ்சளாகிச் சாகும். 1955இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன் மரத்தடி மண்ணைக் கொண்டுபோய்க் கன்றுகளுக்கு இட்டார்கள். அந்தக் கன்றுகள் பச்சைப்பிடித்து எழுந்தன, பக்கத்தில் மண் இடாதவை அப்படியே நின்றன.

நம் மரங்களுக்கு அவ்வளவு மோசமான நிலை இல்லை. நம் பூஞ்சைகள் ஆள் பார்த்துப் பழகுபவை இல்லை. அருகம்புல்லோடும் இருக்கும், கொளுஞ்சியோடும் இருக்கும், சோளத்தோடும் இருக்கும். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்தோடும் கீரைக் குடும்பத்தோடும் மட்டும் பெரும்பாலும் ஒட்டாது. அதனால் கரையில் கொஞ்சம் புல் பூண்டு உயிரோடு இருந்தாலே பூஞ்சையும் இருக்கிறது என்று நம்பலாம். அந்தப் புல்லைத்தான் நாம் ஜேசிபி வைத்து வழிக்கிறோம். கன்றைச் சுற்றி ஒரு முழம் மட்டும் கொத்திவிட்டு மற்றதை விட்டுவையுங்கள். படத்தில் கரை பளிச்சென்று தெரியாது, பரவாயில்லை.

நாற்றங்கால்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பைக்கு நிரப்பும் செம்மண்ணை ஆழத்திலிருந்து வெட்டி எடுக்கிறீர்கள். பூஞ்சை இருப்பது மேலே ஒரு சாண் மண்ணில். ஆழ மண், ஆற்றுமணல், எரு மூன்றும் சேர்ந்தால் கன்று அழகாக வரும், வேருக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். அழுகலுக்குப் பயந்து கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றுவதும் வழக்கமாகிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் சோதனை வயலில் வேர் உட்பூசணத்தை ஒடுக்க பெனோமில் என்ற மருந்தை ஊற்றுவார்கள். அந்த பெனோமில் மண்ணில் உடைந்து ஆவது கார்பென்டசிம்தான். அழுகல் கண்ட பைகளை மட்டும் ஒதுக்கி அவற்றுக்கு ஊற்றுங்கள். எல்லாவற்றுக்கும் தீர்த்தம் மாதிரித் தெளிக்க வேண்டாம்.

கடையில் வேம் பொடி கிடைக்கிறதே, வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். வெறும் ஆழ மண் நிரப்பிய பைக்குப் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் பாக்கெட்டில் வருவது ஒன்றிரண்டு இனம். புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு மாதிரி ஒரு பழைய காட்டில், வீரையும் காசாவும் பாலையும் அடர்ந்த இடத்தில், அந்த மண்ணுக்கும் அந்தக் கோடைக்கும் பழகிய கூட்டமே இருக்கும். அதுதான் நமக்கு வேண்டும். நெதர்லாந்தில், உழுது ஓய்ந்த நிலங்களின் மேல்மண்ணை நீக்கிவிட்டு, ஒரு பகுதியில் புல்வெளி மண்ணையும் இன்னொரு பகுதியில் புதர்க்காட்டு மண்ணையும் 1 சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தூவினார்கள். ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், எந்த மண்ணைத் தூவினார்களோ அந்த இடத்துச் செடிகொடிகளின் பக்கமாக நிலம் சாய்ந்திருந்தது. 2016இல் வெளிவந்த ஆய்வு. அங்கே போனது பூஞ்சை மட்டும் இல்லை, விதையும் புழுவும் பாக்டீரியாவும் சேர்ந்துதான். மண்ணோடு மண்ணாக எல்லாமே போகும்.

உடனே டிராக்டரை எடுத்துக்கொண்டு கோயில் காட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் இதைப் பொதுவில் எழுதவில்லை. ஐயனார் காட்டில் சருகுகூட எடுக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். பூசாரியிடமும் ஊராரிடமும் கேட்டு, நோயில்லாத நான்கைந்து மரங்களின் அடியில், சருகை விலக்கி, நுனிவேரோடு சேர்த்து ஒரே ஒரு சிறு வாளி மண் எடுங்கள். சருகைத் திரும்ப மூடிவிடுங்கள். வேர் முடிச்சு முடிச்சாக இருந்தாலோ அழுகல் வாடை வந்தாலோ அந்த மரம் வேண்டாம், நூற்புழுவையும் அழுகலையும் சேர்த்துக் கூட்டி வந்த கதையாகும்.

அந்த ஒரு வாளியைப் பெருக்குவதற்குத்தான் 60 நாள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒரு அடி ஆழக் குழி. தார்ப்பாய் விரித்து மணலும் சலித்த மண்ணும் நிரப்புங்கள். மேலிருந்து இரண்டு அங்குலம் கீழே காட்டு மண்ணைப் பரப்பி மூடி, நெருக்கமாகச் சோளம் விதையுங்கள். டிஏபி, சூப்பர் பாஸ்பேட் எதையும் காட்ட வேண்டாம். பயிர் கொஞ்சம் வெளிறித்தான் நிற்கும், நிற்கட்டும், பசித்தால்தான் கூப்பிடும். 60 நாளில் தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு வாரம் பத்து நாள் காயும்போது பூஞ்சை வித்து வைக்கும். தட்டையை மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அதே மண்ணில் கலந்தால் சரக்கு தயார். நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி, பையைக் கிழித்த பிறகு வேரில் படும்படி. மேலே தூவினால் வீண்.

எல்லாக் குழிக்கும் போட வேண்டாம் என்பது என் விருப்பம். ஒரு வரிசைக்குப் போடுங்கள், அடுத்த வரிசையைச் சும்மா விடுங்கள், எந்த வரிசை எது என்று கல் நட்டு எழுதிவையுங்கள். தண்ணீர் இரண்டுக்கும் ஒரே அளவு. நான் சொன்னது அந்த மண்ணில் பலிக்கிறதா என்பது சித்திரைக்குள் தெரிந்துவிடும். பலிக்காவிட்டால் குழுவிலேயே என்னைத் திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தை மாதத்தில் இரண்டு வரிசையிலிருந்தும் நுனிவேர் கொஞ்சம் எடுத்து வாருங்கள். தண்டுக்குப் பக்கத்தில் தோண்டாமல், ஓரத்தில் நூல்வேராகப் பார்த்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, பையில் வரிசை எண் எழுதி. சனிக்கிழமை மதியம் கல்லூரி ஆய்வகத்தைத் திறந்துகொள்ள எனக்கு இன்னும் அனுமதி உண்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அங்கே இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வரும்போது ஒரு புட்டி வினிகரும் நீல மையும் மட்டும் வாங்கி வந்துவிடுங்கள்.

அன்புடன்,
போன வருடம் டிஏபி வாளி தூக்கிய உங்கள் வாத்தியார்